சில்லு எங்கே நிற்கிறது?

திருவொற்றியூரில் எக்ஸ்ரே, இயன்முறை மருத்துவ மாணவர்களும் பொதுமக்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



உள்ளே வரும்போது ஆளுக்கு ஒரு தாளும் ஒரு பென்சிலும் கொடுத்தார்கள். தாளில் இருப்பது பக்கவாட்டில் எடுத்த ஒரு முட்டியின் எக்ஸ்ரே. பேர் இல்லை, வயது இல்லை. அதில் மூன்று புள்ளிகள் வைக்கச் சொல்லியிருந்தோம். முட்டிச் சில்லின் மேல் முனை ஒன்று, கீழ் முனை ஒன்று, சில்லிலிருந்து இறங்கும் தசைநாண் கணைக்கால் எலும்பில் போய் ஒட்டுகிற இடம் ஒன்று. மேடைக்கு வருமுன் முன்வரிசையில் ஏழெட்டுத் தாள்களைப் பார்த்தேன். மூன்றாவது புள்ளி ஒரு தாளில் இருந்த இடத்தில் இன்னொரு தாளில் இல்லை. எல்லோரும் பென்சிலைத் தூக்கித் தூக்கி யோசித்துத்தான் வைத்தீர்கள். அப்படியும் இந்த வித்தியாசம். இன்று நான் பேச வந்திருப்பது இந்த வித்தியாசத்தைப் பற்றித்தான்.

நான் ராயபுரத்துக்காரன். அப்பா துறைமுகத்தில் டாலி கிளார்க். 1983ல் கன்டெய்னர் முனையம் வந்தது. அதற்கு முன்னால் பெரும்பாலும் மூட்டை மூட்டையாகத்தான் சரக்கு இறங்கும். கப்பல் தரப்பில் ஒருவர் எண்ணுவார், கரைத் தரப்பில் ஒருவர் எண்ணுவார். நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பார்கள். ஷிப்ட் முடிவில் இரண்டு சீட்டும் பொருந்த வேண்டும். பொருந்தாத நாளில் அப்பா வீட்டுக்கு வர ராத்திரி ஆகிவிடும். ‘ஒருத்தன் எண்ணினது கணக்கு ஆகாதுடா’ என்று சாப்பிட்டுக்கொண்டே சொல்வார். அந்த வார்த்தையின் முழு எடை எக்ஸ்ரே அறையில் இருபது வருஷம் நின்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

எக்ஸ்ரே வேலையைக் கற்றது சென்னை அரசுப் பொது மருத்துவமனையின் பார்னார்டு கதிரியல் நிலையத்தில். கேப்டன் டி. டபிள்யூ. பார்னார்டு உழைத்து உருவாக்கிய இடம் அது. 1934ல் அதைத் திறந்து வைத்தவர் அன்றைய கவர்னர் ஜார்ஜ் ஃபிரெடெரிக் ஸ்டான்லி. நம் பழைய ஜெயில் ரோட்டில் இருக்கும் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரிக்குப் பேர் கொடுத்தவரும் அவரேதான். வடசென்னையில் பிறந்தவர்களில் பாதிப் பேருக்கு அந்தப் பேர் வீட்டுப் பேர் மாதிரி. அது ஒரு கவர்னரின் பேர் என்பது பலருக்கு மறந்தே போயிருக்கும்.

சரி, முட்டிச் சில்லுக்கு வருவோம். உட்கார்ந்தபடியே உங்கள் முட்டியைத் தொட்டுப் பாருங்கள். வட்டமாக, அசைகிற மாதிரி ஒரு எலும்பு தட்டுப்படும். தொடையின் முன்பக்கத் தசை மேலிருந்து வந்து அதைப் பிடித்திருக்கிறது. கீழே பட்டையான ஒரு தசைநாண் அதைக் கணைக்கால் எலும்பின் முன்மேட்டில் கட்டி வைத்திருக்கிறது. கயிறு கிணற்றுச் சுவரில் உராயாமல் இருக்கக் கப்பி போடுகிறோம் அல்லவா? சில்லும் கிட்டத்தட்ட அந்த வேலையைத்தான் செய்கிறது. கயிறு மூட்டிலிருந்து சற்றுத் தள்ளி ஓடுவதால் காலை நீட்டக் குறைந்த பலம் போதும். கப்பி இருக்க வேண்டிய உயரத்தை விட மேலே போனால் சில்லு பக்கவாட்டில் நழுவலாம். கீழே இறங்கிவிட்டால் முட்டி முழுதாக மடங்காமல் போகலாம், முன்பக்கம் வலிக்கலாம், படி ஏறச் சிரமமாகலாம்.

படி ஏறுவதோடு நம் பக்கத்து வாழ்க்கை முடிந்துவிடுவதில்லை. காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் கூடைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்காரும் பெண்கள், எண்ணூர் பக்கம் இஞ்சினுக்கு அடியில் முட்டி போட்டு வேலை பார்த்த மெக்கானிக்குகள், துறைமுகத்தில் முதுகில் மூட்டையோடு பலகையில் ஏறி இறங்கியவர்கள். இவர்கள் கால்கள் மடங்கியே பிழைத்த கால்கள். ஆபரேஷனுக்குப் பிறகு அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, ‘தரையில உட்கார முடியுமா சார்?’ என்பதுதான். சில்லின் உயரத்துக்கும் அந்தக் கேள்விக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. சில மில்லிமீட்டரைப் பற்றி இவ்வளவு நேரம் பேசுவதற்குக் காரணம் அதுதான்.

முன்பெல்லாம் மூட்டு மாற்று என்பது வசதி உள்ளவர்கள் சமாச்சாரம். அரசுக் காப்பீட்டுத் திட்டங்கள் வந்தன. 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் விலை நிர்ணய ஆணையம் செயற்கை முட்டிக்கு உச்ச விலை வைத்தது; அதிகம் பயன்படும் கோபால்ட் குரோமியம் வகைக்கு 54,720 ரூபாய், அதன் மேல் வரி. இன்று நம் தெருவிலேயே மூட்டு மாற்றிய ஐந்தாறு பேரைக் காட்டிவிடலாம். அத்தனை பேர் வீட்டு பீரோவிலும் ஆபரேஷனுக்கு முன் எடுத்தது, பின் எடுத்தது என்று இரண்டு எக்ஸ்ரே இருக்கும். அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாமா, எந்த அளவுக்கு நம்பி ஒப்பிடலாம் என்பதே நம் முன்னால் இருக்கும் கேள்வி.

சில்லின் உயரத்தை எப்படி அளப்பது? நேரடியாக மில்லிமீட்டரில் அளந்தால் சிக்கல். எக்ஸ்ரே குழாயிலிருந்து ஃபிலிம் வரை 100 செ.மீ. என்று வையுங்கள். முட்டி ஃபிலிமை விட்டு 10 செ.மீ. தள்ளி இருந்தால் நிழல் 100க்கு 111 ஆகப் பெரிதாக விழும். ஆபரேஷனுக்குப் பிறகு கால் வீங்கி இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்தால் இன்னும் பெரிது. ஆகவே நீளத்தை விட்டுவிட்டு விகிதத்தைப் பிடித்தார்கள். 1971ல் நியூயார்க்கில் ஜான் இன்சால், எட்வார்டோ சல்வாட்டி என்ற இருவர் சொன்ன வழி மிக எளிது. தசைநாணின் நீளத்தைச் சில்லின் மூலைவிட்ட நீளத்தால் வகுத்துவிடு. இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்கும், விடை 1க்குப் பக்கத்தில் வரும். 20 சதவீதத்துக்கு மேல் ஏறினாலும் இறங்கினாலும் கவனி. அதனால்தான் 0.8க்கும் 1.2க்கும் நடுவில் இருந்தால் இயல்பு என்று இன்றும் ரிப்போர்ட்டில் எழுதுகிறோம். நிழல் எவ்வளவு பெரிதானாலும் மேலேயும் கீழேயும் ஒரே அளவில் பெரிதாவதால் விகிதம் மாறாது. அழகான யோசனை.

இப்போது உங்கள் தாளை எடுங்கள். ஒருவர் சில்லை 42 மில்லிமீட்டர் என்றும் தசைநாணை 46 என்றும் அளக்கிறார். விடை 1.10, இயல்பு. அடுத்தவர் மூன்றாவது புள்ளியை 4 மில்லிமீட்டர் கீழே வைக்கிறார். தப்பு என்று சொல்ல முடியாது. அந்த எலும்பு மேடு கூர்மையான முனை இல்லை, சரிந்து இறங்கும் மேடு. தசைநாண் எங்கே முடிகிறது என்பதை எக்ஸ்ரே கோடு போட்டுக் காட்டாது. அவருக்கு 50ஐ 42ஆல் வகுத்தால் 1.19. எல்லைக்கோட்டில் நிற்கிறது. மூன்றாமவர் சில்லின் கீழ் முனையை 3 மில்லிமீட்டர் இறக்கி வைக்கிறார். தேய்மானத்தால் அங்கே வளர்ந்திருக்கும் எலும்பு முள்ளையும் சேர்த்துக்கொண்டார். சில்லு 45 ஆகிறது; அதே 3 மில்லிமீட்டர் தசைநாணில் குறைந்து 43 ஆகிறது. விடை 0.96. கீழ் முனை என்கிற அந்த ஒரே புள்ளி மேலே இருக்கும் எண்ணைக் குறைத்து, கீழே இருக்கும் எண்ணைக் கூட்டுகிறது. ஒரு புள்ளி நகர்ந்தால் இரண்டு பக்கமும் அடி விழுகிறது. ஒரே முட்டி, ஒரே படம், மூன்று நேர்மையான மனிதர்கள்: 0.96, 1.10, 1.19.

இத்தனைக்கும் படம் சரியாக எடுத்திருந்தால்தான் இந்தக் கணக்கு. சரியில்லாத படம் என்ன செய்யும் என்பதை நான் என் கையாலேயே செய்து பார்த்திருக்கிறேன்.

எங்கள் தெருவில் மீன் விற்ற ஒரு ஆயா. பேர் வேண்டாம். வலது முட்டியை மாற்றியிருந்தார்கள். ஆபரேஷனுக்கு முந்திய படத்தை நான்தான் எடுத்தேன், முட்டிக்கு அடியில் மணல் மூட்டை வைத்து, 30 டிகிரி மடக்கி. ஆறு மாதம் கழித்து வந்தபோது அன்றைக்கு வரிசை நீளம். ஆயா காலை நீட்டிப் படுத்திருந்தார். வலிக்கும் என்று பயந்தார். நானும் மடக்கச் சொல்லாமல் அப்படியே கேசட்டைச் செருகிப் படம் எடுத்துவிட்டேன். முன்பு 1.10 இருந்த விகிதம் 0.95 என்று வந்தது. விகிதம் 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் தசைநாண் சுருங்கிவிட்டது என்று கொள்வது பல ஆய்வுகளில் வழக்கம். இங்கே கிட்டத்தட்ட 14 சதவீதம் குறைந்திருக்கிறது. உள்ளே தழும்பு விழுந்து தசைநாண் சுருங்குகிறது போலிருக்கிறது என்று ஆயாவிடம் சொல்லிவிட்டார்கள். இன்னொரு ஆபரேஷன் வருமோ என்று ஒரு வாரம் அவர் தூங்கவில்லை. நீட்டிய காலில் தசை தளர்ந்து கிடக்கும். தசைநாண் துவண்டு தொய்யும். சில்லு கீழே வந்து உட்காரும். துவண்ட கயிற்றை அளந்துவிட்டு, கயிறு குட்டையாகிவிட்டது என்று சொன்னோம். மறுபடி 30 டிகிரியில் எடுத்தபோது 1.08. அந்த ஒரு வாரத்துக்கு நான்தான் காரணம். ஆயா பிறகு என்னைத் திட்டவே இல்லை. ‘நீ நல்லாத்தான் எடுத்திருப்ப, என் காலுதான் சரியில்ல’ என்றார். அன்றிலிருந்து மடக்கிய கோணத்தை ஃபிலிம் ஓரத்தில் எழுதாமல் ஒரு படத்தையும் நான் அனுப்பியதில்லை.

மாணவர்களுக்கு இன்னொன்று. தொடை எலும்பின் கீழே இரண்டு குமிழ்கள் உண்டு. பக்கவாட்டுப் படத்தில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக விழ வேண்டும். இரண்டு வளைவு தனித்தனியாகத் தெரிந்தால் கால் திரும்பியிருக்கிறது. திரும்பிய படத்தில் விகிதம் உங்களைக் காப்பாற்றாது. படம் பெரிதாவதை விகிதம் தாங்கும், சாய்வதைத் தாங்காது.

இதைச் சொல்லும்போது செல்போனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இன்று நோயாளிகள் ஃபிலிமைக் கொண்டுவருவதில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எடுத்த போட்டோவை வாட்ஸ்அப்பில் காட்டுகிறார்கள். போனைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் படம் ஒரு திசையில் மட்டும் சுருங்கும். சில்லின் மூலைவிட்டமும் தசைநாணும் ஒரே திசையில் ஓடுவதில்லை. அதனால் ஒன்று அதிகம் சுருங்கும், ஒன்று குறைவாகச் சுருங்கும். முறிவு இருக்கிறதா இல்லையா என்று பார்க்க அந்தப் படம் உதவும். விகிதம் போட உதவாது.

இனி ஆபரேஷனுக்குப் பிந்தைய படம். விஷயத்தின் கடினமான பகுதி இங்கேதான்.

இன்சாலின் முறையைத் தவிர வேறு முறைகளும் உண்டு. 1977ல் பிளாக்பர்ன், பீல் என்ற இருவர், சில்லின் முனைகளை விட்டுவிட்டு, சில்லில் குருத்தெலும்பு படிந்த உரசும் பரப்பை எடுத்துக்கொண்டார்கள். கணைக்கால் எலும்பின் மேல்தளத்தில் ஒரு கோடு போட வேண்டும். அந்தக் கோட்டிலிருந்து உரசும் பரப்பின் கீழ் ஓரம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பார்த்து, பரப்பின் நீளத்தால் வகுக்க வேண்டும். சராசரி 0.8; 0.54க்குக் கீழே போனால் சில்லு இறங்கியது என்று கொள்வார்கள். 1982ல் பிரான்ஸில் காட்டோனும் தெஷாமும் சொன்ன முறையும் இதே குடும்பம்தான்.

இந்த முறைகள் எல்லாம் எலும்பு முட்டிக்காக உருவானவை. ஆபரேஷனில் தேய்ந்த எலும்பைச் சீவி எடுத்துவிட்டு, தொடை எலும்புக்கு உலோகத் தொப்பி, கணைக்கால் எலும்புக்கு உலோகத் தட்டு, நடுவில் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் வைக்கிறார்கள். அந்தப் பிளாஸ்டிக் எக்ஸ்ரேயில் தெரியாது. படத்தில் இரண்டு வெள்ளை உலோகத்துக்கு நடுவில் ஒரு கறுப்பு இடைவெளிதான் இருக்கும். புதியவர்கள் கோட்டை உலோகத் தட்டின் மேல் போட்டுவிடுவார்கள். உண்மையான தளம் பிளாஸ்டிக்கின் மேல்பரப்பு. அது உலோகத்துக்கு மேலே 8, 10 மில்லிமீட்டர் தள்ளி, கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. சில்லின் பின்புறத்திலும் பிளாஸ்டிக் வைத்திருந்தால் அதன் ஓரமும் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஸ்கேலை வைக்க வேண்டிய நிலை.

பிளாஸ்டிக்கின் தடிமன் எவ்வளவு என்று ஊகிக்க வேண்டியதில்லை. செயற்கை மூட்டுப் பெட்டியோடு வரும் ஸ்டிக்கரை கேஸ் ஷீட்டில் ஒட்டியிருப்பார்கள். அதில் தடிமன் அச்சிட்டிருக்கும். அளக்க உட்காருமுன் அதைத் தேடிப் பாருங்கள். பலர் பார்ப்பதில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

இப்போது ஒரு கணக்கு. ஆபரேஷனுக்கு முன் உயரம் 24 மில்லிமீட்டர், பரப்பின் நீளம் 30. பிளாக்பர்ன் பீல் விகிதம் 0.8. ஆபரேஷனில் தொடை எலும்பைக் கொஞ்சம் கூடுதலாகச் சீவ வேண்டி வந்தது. ஈடுகட்டத் தடித்த பிளாஸ்டிக் வைத்தார்கள். மூட்டுத் தளம் 8 மில்லிமீட்டர் மேலே ஏறிவிட்டது. சில்லு அதே இடத்தில் இருக்கிறது, தசைநாண் நீளமும் மாறவில்லை. இன்சால் விகிதம் பழைய 1.10தான். ஆனால் 24ல் 8 போனால் 16. 30ஆல் வகுத்தால் 0.53. ஒரு முறை ‘எல்லாம் பழையபடி’ என்கிறது, இன்னொரு முறை ‘சில்லு இறங்கிவிட்டது’ என்கிறது.

இந்த ஊரில் நின்றுகொண்டு இதை விளக்க நான் வெளியே போக வேண்டியதில்லை. சிவனடியார் சுந்தரர் இந்த ஊரில் சங்கிலியாரை மணக்க, ‘உன்னைப் பிரியமாட்டேன்’ என்று சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. சன்னிதியில் சத்தியம் செய்யும் நேரத்தில் சன்னிதியை விட்டு மகிழ மரத்தடிக்குப் போய்விடும்படி இறைவனை முன்கூட்டியே வேண்டிக்கொண்டார். ஆனால் சங்கிலியார் தரப்பிலோ, ‘சன்னிதியில் வேண்டாம், மகிழடியில் செய்யுங்கள்’ என்றார்கள். ஆண்டுதோறும் தியாகராசர் கோயிலில் மகிழடி சேவை பார்க்கும் நமக்கு இந்தக் கதை தெரியும். சத்தியத்தின் சொற்களில் ஒரு மாற்றமும் இல்லை. யாரை முன்வைத்துச் சொல்கிறோமோ அவர் இடம் மாறிவிட்டார், அதனால் சத்தியத்தின் எடையே மாறிவிட்டது. முட்டியிலும் அதுவே நடக்கிறது. சில்லு அசையவில்லை, நாம் எதை வைத்து உயரம் சொல்கிறோமோ அந்தத் தளம் இடம் மாறிவிட்டது. அமெரிக்க எலும்பியல் மருத்துவர் கிரெல்சமர் இந்த இரண்டு நிலைகளையும் பிரித்துப் பார்க்கச் சொன்னார். தசைநாண் சுருங்கிச் சில்லு இறங்குவது உண்மையான இறக்கம். தளம் ஏறியதால் சில்லு இறங்கினாற்போல ஆவது போலி இறக்கம்.

‘போலி’ என்ற சொல்லைக் கேட்டு ஏமாற வேண்டாம் என்பது என் கருத்து. நோயாளிக்கு இரண்டும் உண்மைதான். தளம் 8 மில்லிமீட்டர் ஏறிய முட்டியிலும், மடக்கும்போது சில்லு பிளாஸ்டிக்கில் போய் இடிக்கலாம். ஆனால் வைத்தியம் வேறு. ஒன்றில் தழும்பையும் தசைநாணையும் கவனிக்க வேண்டும், மற்றதில் மூட்டு வைத்த உயரத்தை. ஆகவே ஒரு முறையை மட்டும் வைத்து அளந்து ‘சில்லு இறங்கியது’ என்று எழுதும் ரிப்போர்ட் பாதி ரிப்போர்ட். தசைநாணைப் பார்க்கும் முறை ஒன்று, தளத்தைப் பார்க்கும் முறை ஒன்று, இரண்டும் வேண்டும், முன்னும் பின்னும் வேண்டும்.

எந்த முறை அதிகம் நம்பத்தக்கது என்று மாணவர்கள் கேட்பீர்கள். உலகம் முழுக்க ஆய்வுகள் வந்திருக்கின்றன, அவை ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. யார் அளந்தார்கள், எத்தனை வருஷ அனுபவம், ஃபிலிமா கம்ப்யூட்டர் திரையா, தேய்ந்த முட்டியா மாற்றிய முட்டியா என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்கிறேன். இரண்டு பேர் அளவுகள் சேர்ந்து ஏறுகின்றன, சேர்ந்து இறங்குகின்றன என்றால் ஒத்துப்போகின்றன என்று நினைத்துவிடுவோம். 1986ல் மார்ட்டின் பிளாண்ட், டக்ளஸ் ஆல்ட்மேன் என்ற இரு புள்ளியியலாளர்கள் லான்செட் இதழில் இந்தத் தவறை எடுத்துக் காட்டினார்கள். அப்பாவின் தொழிலில் வைத்துச் சொன்னால், கப்பல் சீட்டு 100, 200, 300 என்று வருகிறது, கரைச் சீட்டு 90, 190, 290 என்று வருகிறது. சேர்ந்தே ஏறுகின்றன. ஆனால் ஒவ்வொரு முறையும் பத்து மூட்டை காணோம். அதனால் வித்தியாசத்தையே எடுத்து அளக்க வேண்டும். பெரும்பாலான தடவை அது எந்த எல்லைக்குள் நிற்கிறது என்று சொல்ல வேண்டும். அளப்பவர்களுக்குள்ளேயே, உதாரணத்துக்கு, 0.12 வரை வித்தியாசம் வருகிற இடத்தில், 1.10 இருந்தது 1.02 ஆகிவிட்டது என்று நோயாளியைப் பயமுறுத்த நமக்கு உரிமை இல்லை. இரண்டு பேரும் ஒரே மாதிரி உலோகத்தின் மேல் கோடு போட்டால் அவர்களுக்குள் பொருத்தம் பிரமாதமாக இருக்கும், அளவு மட்டும் தப்பாக இருக்கும். இதையும் மறக்கக் கூடாது.

வீட்டில் முட்டி மாற்றியவர்கள் இருப்போருக்குச் சில வார்த்தை. ஆபரேஷனுக்கு முந்திய எக்ஸ்ரேயைத் தூக்கிப் போடாதீர்கள். பழைய ஃபிலிமை வெள்ளிக்காக எடைக்கு வாங்க வருபவர்களிடம் கொடுத்துவிடுகிறார்கள். சூரிய கிரகணம் பார்க்கக் குழந்தைகள் கையில் கொடுக்கிறார்கள், அது கண்ணுக்கும் கேடு. நம் பக்கம் கடல் காற்றில் ஃபிலிம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், நடுவில் வெள்ளைத் தாள் வைத்துக் கட்டுங்கள். சி.டி. கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டிக்கர் ஒட்டிய தாளின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அடுத்த முறை படம் எடுக்கும்போது, ‘போன தடவை எவ்வளவு மடக்கி எடுத்தீங்களோ அதே மாதிரி எடுங்க தம்பி’ என்று சொல்லுங்கள். சொல்வதில் தப்பே இல்லை. ஆயா அன்றைக்கு இதை என்னிடம் சொல்லியிருந்தால் நான் மணல் மூட்டையைத் தேடி எடுத்திருப்பேன்.

மாணவர்களே, தாளில் பேர் எழுத வேண்டாம்; ஓரத்தில் இருக்கும் எண் போதும். புள்ளிகளை அழித்துத் திருத்தாமல் அப்படியே வாசலில் கொடுத்துவிட்டுப் போங்கள். இரண்டு வாரம் கழித்து இதே படத்தை, வேறு படங்களோடு கலந்து, புள்ளி இல்லாத புதுத் தாளில் மறுபடி தருவோம். இன்று எங்கே வைத்தீர்கள் என்பதை அதுவரை யாரிடமும் பேசிவிடாதீர்கள்.